டோக்கியோவிலிருந்து கியோட்டோ: வயதான அப்பா அம்மாவோடு ஷின்கான்சென் பயணம், எப்படிப் பதிவு செய்வது?

தண்டவாளத்தார் மகன்:

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். நான், மனைவி, நாலு வயது மகள், அப்பா, அம்மா. டோக்கியோவில் சில நாள் ஷின்ஜுகு பக்கம் தங்கல். பிறகு கியோட்டோ. திரும்பும் விமானம் ஒசாகா கான்சாய் நிலையத்திலிருந்து. அதனால் டோக்கியோ–கியோட்டோ ஒரு வழிப் பயணம் மட்டும்தான்.

இந்தப் பயணமே அப்பாவுக்காகத்தான். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷின்கான்சென் என்ற ஜப்பானின் அதிவேக ரயிலைப் பற்றி நான் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தொந்தரவு. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படிக்கட்டு என்றால் கஷ்டம்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஜேஆர் பாஸ், அதாவது ஜப்பான் ரயில்வேயில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகும் சீட்டு, வாங்கலாமா, தனிச் சீட்டு போதுமா? நொசோமி, ஹிகாரி, கொடாமா என்று மூன்று பெயர் சொல்கிறார்கள், எதில் ஏறுவது? எங்களிடம் மூன்று பெரிய சூட்கேஸ் இருக்கும், ரயிலில் விடுவார்களா? இங்கிருந்தே பதிவு செய்ய முடியுமா? ஃபூஜி மலை எந்தப் பக்கம் தெரியும்? குழந்தைக்குச் சீட்டு எடுக்க வேண்டுமா?

போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாடோடி77:

வணக்கம் நண்பரே. யோசிக்கவே வேண்டாம், ஏழு நாள் ஜேஆர் பாஸ் எடுத்துவிடுங்கள். நான் 2018இல் போனபோது அதுதான் எடுத்தேன். டோக்கியோ–கியோட்டோ போய் வந்தாலே போட்ட பணம் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது. நொசோமியில் மட்டும் ஏற முடியாது, ஹிகாரியில் போகலாம். சூட்கேஸை யாரும் எதுவும் கேட்கவில்லை.

யோகோஹாமா வாசி:

வணக்கம். நான் இங்கே யோகோஹாமாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து என் அப்பா அம்மா வரும்போதெல்லாம் இதே பாதையில்தான் கூட்டிப் போகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாஸ். நாடோடி சொன்னது அவர் போன காலத்துக்கு முழுக்கச் சரி. அப்போது ஏழு நாள் பாஸ் முப்பதாயிரம் யென்னுக்குள் கிடைத்தது. 2023 அக்டோபரில் அது 29,650 யென்னிலிருந்து ஒரே அடியாக 50,000 யென் ஆனது. உங்கள் கணக்கைப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமியில் முன்பதிவு இருக்கை ஏறக்குறைய 14,000 யென். நடுவில் ஒரு நாள் கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போய் வந்தாலும் மொத்தம் 40,000 தாண்டாது. நொசோமியில் ஏறக்கூடாது என்ற தடை இப்போது இல்லை, ஆனால் பாஸ் வைத்திருப்பவர் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு வழிப் பயணத்துக்கு நான்கு பெரியவர்களுக்கும் பாஸ் வாங்குவது வீண் செலவு. தனிச் சீட்டே எடுங்கள்.

அடுத்து ரயில். மூன்றும் ஒரே தண்டவாளத்தில், ஒரே மாதிரி வண்டியாகத்தான் ஓடுகின்றன. எங்கெங்கே நிற்கும் என்பதில்தான் வித்தியாசம். நொசோமி டோக்கியோ விட்டால் ஷினாகாவா, ஷின்-யோகோஹாமா, நகோயா, அப்புறம் கியோட்டோ. 2 மணி 15 நிமிடம் வாக்கில் கொண்டு சேர்த்துவிடும். ஹிகாரி இன்னும் சில ஊர்களில் நிற்கும், 2 மணி 40 நிமிடத்தை ஒட்டி ஆகும். கொடாமா எல்லா நிலையத்திலும் நின்று நின்று மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நொசோமிக்கும் ஹிகாரிக்கும் விலையில் 300 யென் போலத்தான் வித்தியாசம். நொசோமி சில நிமிடத்துக்கு ஒன்று என்று ஓடுகிறது. கூட்டமான நேரத்தில் ஒரு மணிக்குப் பத்துக்கு மேல்கூட விடுகிறார்கள். ஆகவே "எந்த ரயில்" என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நொசோமி.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ரயிலுக்குள் இருக்கும் இரண்டேகால் மணி நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது சுகமான பகுதி. சிரமம் எல்லாம் நிலையத்துக்குள் நடக்கும் நடையில் இருக்கிறது. அதனால் பதிவு செய்யும்போது நேரத்தையும் விலையையும் பார்த்து முடிவெடுக்காமல், அம்மா எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் முடிவு செய்யுங்கள்.

எங்கே ஏறுவது: ஷின்ஜுகுவில் தங்குகிறீர்கள். எல்லோரும் டோக்கியோ நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பார்கள். எல்லா நொசோமியும் ஷினாகாவாவில் நிற்கும். ஷின்ஜுகுவிலிருந்து நகரைச் சுற்றி ஓடும் யாமனோத்தே வண்டியில் நேராக ஷினாகாவா போகலாம், இருபது நிமிடம் போல. டோக்கியோ நிலையம் பெரிய கடல், வழி தெரியாத கூட்டத்துக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடப்பதைவிட ஷினாகாவா எவ்வளவோ மேல். காலை எட்டு மணியைச் சுற்றி மட்டும் யாமனோத்தேயில் ஏறாதீர்கள், அலுவலகக் கூட்டம் நெரிக்கும். பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போதும். ஐந்து பேர் ஒரே வாடகைக் காரில் ஏறுவது சிரமம் என்பதால்தான் ரயிலைச் சொல்கிறேன். அன்று அம்மாவுக்கு வலி அதிகமாக இருந்தால், அவரையும் உங்கள் மனைவியையும் டாக்சியில் அனுப்பிவிட்டு நீங்கள் அப்பாவோடு ரயிலில் வாருங்கள்.

எந்தப் பெட்டி: நொசோமி 16 பெட்டி, நீளம் 400 மீட்டர். பதிவு செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டு முதல் பெட்டியோ கடைசிப் பெட்டியோ எடுத்துவிட்டால், லிஃப்டில் மேலே வந்தபின் நடைமேடையில் பாதி ரயில் நீளம் நடக்க வேண்டிவரும். நடுப்பகுதியில் எடுங்கள். 8, 9, 10 ஆகியவை கிரீன் கார், அதாவது உயர் வகுப்பு. 7ஆம் பெட்டி மடிக்கணினியில் வேலை பார்ப்பவர்களுக்கு என்று ஒதுக்கியது, குழந்தையோடு அங்கே போகக்கூடாது. என் தேர்வு 11ஆம் பெட்டி. சக்கர நாற்காலிக்கான இடமும் அகலமான கழிப்பறையும் அதில்தான் இருக்கின்றன. அதில் இடம் இல்லையென்றால் 13 அல்லது 5. கழிப்பறைகள் ஒற்றைப்படை எண் பெட்டிகளில்தான் உண்டு. இரட்டைப்படைப் பெட்டியில் உட்கார்ந்தால் ஓடும் ரயிலில் அடுத்த பெட்டிக்கு நடக்க வேண்டும்.

எந்த இருக்கை: சாதாரணப் பெட்டியில் ஒரு வரிசைக்கு ஐந்து. ஏ, பி, சி ஒரு பக்கம், நடைபாதைக்கு மறுபக்கம் டி, இ. கியோட்டோ போகும்போது ஃபூஜி வலப்பக்கம், அதாவது இ பக்கம் தெரியும். நீங்களும் ஐந்து பேர். என்னைக் கேட்டால் முழு வரிசையையும் எடுத்துவிடுங்கள். இ-யில் அப்பா, டி-யில் அம்மா, அந்தப் பக்கம் நீங்கள் மூவரும். டி நடைபாதையை ஒட்டியது என்பதால் அம்மா யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் கட்டணம் இல்லை. தனி இருக்கை வேண்டுமானால் அரைக் கட்டணம், ஏறக்குறைய 7,000 யென். மிச்சப்படுத்தலாம்தான். ஆனால் அந்த ஐந்தாவது இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்க, நாலு வயதுக் குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மடியில் அடக்கி வைப்பது யாருக்கும் நிம்மதி இல்லை. அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

ஷினாகாவா தாண்டி அரை மணி நேரம் ஆனதும் அப்பாவைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். ஷின்-ஃபூஜி நிலையத்தைச் சுற்றித்தான் மலை முழுசாகத் தெரியும். அடுத்து ஃபூஜி ஆற்றுப் பாலம் வரும், அங்கே தடுப்பில்லாமல் பார்க்கலாம். இந்த வேகத்தில் சில நிமிடக் காட்சிதான். நவம்பர் கடைசி என்றால் உச்சியில் பனி இருக்கும். மேகம் மூடுவதற்கு வாய்ப்பு கோடையைவிடக் குறைவு, காலை நேரம் இன்னும் நல்லது.

சூட்கேஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது குழந்தையைக் கூட்டிவரப் போக வேண்டும்.

பனையோலை:

இன்னொரு வழியும் உண்டு. டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்செனில் கனசாவா வழியாகச் சுருகா வரை போய், அங்கிருந்து தண்டர்பேர்ட் விரைவு ரயிலில் கியோட்டோ. 2024 மார்ச் 16 முதல் சுருகா வரை நீட்டித்துவிட்டார்கள். கனசாவாவில் ஓர் இரவு தங்கினால் அருமையாக இருக்கும். அந்தப் பாதைக்கென்றே தனிப் பாஸும் விற்கிறார்கள். அப்பா ரயில் பிரியர் என்கிறீர்கள், ஷின்கான்சென், தண்டர்பேர்ட் என்று இரண்டு வேறு ரயில்களைப் பார்த்த மாதிரியும் ஆகும்.

யோகோஹாமா வாசி:

பனையோலை சொன்ன பாதை எனக்கு ரொம்பப் பிடித்த பாதை. கனசாவா தோட்டத்தை நவம்பரில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சுருகாவில் ஷின்கான்சென் மேல் தளத்தில் நிற்கும், தண்டர்பேர்ட் கீழ்த் தளத்திலிருந்து கிளம்பும். ரயில் நின்றதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நகரும் படிக்கட்டை நோக்கிப் போகும். முழங்கால் வலியோடு அந்த ஓட்டத்தில் நிற்பது பாவம். இன்னொரு தடவை, பெரியவர்கள் இல்லாமல் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். தவிர, அந்தப் பாதையில் போனால் தொக்காய்தோ பாதையை, அதாவது நொசோமி ஓடும் டோக்கியோ–ஒசாகா பாதையை, விட்டுவிடுவீர்கள். உங்கள் அப்பா இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தது அனேகமாக இந்தப் பாதையைப் பற்றித்தான். 1964 அக்டோபர் 1, ஒலிம்பிக் தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்பு திறந்தது, உலகின் முதல் அதிவேகப் பாதை.

சரி, சூட்கேஸ். விதி இப்படி: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ. வரை எந்தப் பதிவும் வேண்டாம். 160க்கு மேல் 250 வரை என்றால் பெட்டியின் கடைசி வரிசையில் "பெரிய சாமான் இடத்தோடு கூடிய இருக்கை" என்று இருக்கும், அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் கொண்டுவந்தால் 1,000 யென் கேட்பார்கள். 250க்கு மேல் அனுமதியே கிடையாது. இது 2020 மே மாதம் வந்த விதி, அதனால்தான் நாடோடியை யாரும் கேட்கவில்லை.

விமானத்தில் போடும் சூட்கேஸுக்குப் பெரும்பாலான நிறுவனங்களின் வரம்பு 158 செ.மீ. எனவே உங்களுடையது அனேகமாக 160க்குள்தான் இருக்கும், விதிப்படி சிக்கல் இல்லை. ஆனால் இருபது கிலோ சூட்கேஸைத் தலைக்கு மேலே உள்ள தட்டில் யார் தூக்கி வைப்பது? மூன்றையும் இழுத்துக்கொண்டு ஷின்ஜுகு நிலையத்தில் குழந்தையையும் அம்மாவையும் யார் பிடித்துக்கொள்வது? ஆகவே சூட்கேஸை ரயிலில் ஏற்றவே ஏற்றாதீர்கள். இங்கே தக்யூபின் என்று சாமான் அனுப்பும் சேவை உண்டு. ஷின்ஜுகு விடுதியின் வரவேற்பிலேயே கொடுத்துவிட்டால் வழக்கமாக மறுநாள் கியோட்டோ விடுதியில் இருக்கும். சூட்கேஸுக்குச் சில ஆயிரம் யென் ஆகும். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். அன்றிரவுக்கான துணி, மருந்து, பாஸ்போர்ட் மட்டும் தோள்பையில். என் பெற்றோருடன் போகும்போது நான் பணத்தைச் சேமிக்கப் பார்க்காத ஒரே விஷயம் இதுதான். கை வீசிக்கொண்டு நடக்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

இப்போது பதிவு. ஸ்மார்ட் இஎக்ஸ் என்ற செயலி இருக்கிறது, ஆங்கிலத்திலும் உண்டு, வெளிநாட்டு கிரெடிட் கார்டையும் ஏற்கும். ஓராண்டு முன்பிருந்தே பதிவு செய்ய முடியும், ஆனால் அப்போது காட்டும் நேரங்கள் மாறக்கூடும். ஜப்பானில் சீட்டு விற்பனை முறைப்படி தொடங்குவது பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு, காலை 10 மணிக்கு. இந்திய நேரம் காலை 6.30. உங்களுக்கு ஒரு முழு வரிசை வேண்டும் என்பதால் அந்தக் காலையில் எழுந்து உட்கார்ந்துவிடுங்கள். இருக்கைப் படத்தைப் பார்த்து 11ஆம் பெட்டியில் ஐந்தும் காலியாக உள்ள வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம்.

தேதியில் ஒரு கவனம். நவம்பர் 23 இங்கே அரசு விடுமுறை, கியோட்டோவில் இலைகள் சிவக்கும் உச்சமும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். அந்த வாரக்கடைசியில் கியோட்டோ போகும் ரயிலும் சரி, போய் இறங்கியபின் பேருந்தும் சரி, மூச்சுத் திணறும். செவ்வாய், புதன் போல வார நடுவில் மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

தண்டவாளத்தார் மகன்:

அக்கா, எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஃபூஜியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஓரத்தில் சிக்னல் கம்பமே இல்லாமல் எப்படி ஓட்டுகிறார்கள் என்று நேரில் பார்க்கணும்" என்றார். அம்மா சூட்கேஸ் பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

இன்னும் சில கேள்விகள். கார்டுக்கு ஓடிபி வருமே, அங்கே போனபின் மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வது? முன்பதிவில்லாத இருக்கை மலிவு என்கிறார்கள், அது பரவாயில்லையா? சைவச் சாப்பாடு ரயிலில் கிடைக்குமா? கியோட்டோவில் எந்தப் பக்கம் இறங்கணும்? அப்பாவுக்காக ரயில் சம்பந்தமாக வேறு ஏதாவது செய்ய முடியுமா?

யோகோஹாமா வாசி:

அப்பா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சரியான கேள்வி. இந்தப் பாதையில் ஓரத்துச் சிக்னல் கிடையாது. மணிக்கு 200 கி.மீ. தாண்டிய வேகத்தில் ஓட்டுநர் கம்பத்து விளக்கைப் பார்த்து பிரேக் பிடிக்க நேரம் போதாது என்று 1964இலேயே அதைக் கைவிட்டார்கள். எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பது தண்டவாளம் வழியாக வண்டிக்குள்ளேயே வந்து ஓட்டுநர் முன்னால் தெரியும், அதைத் தாண்டினால் வண்டி தானே வேகத்தைக் குறைக்கும். பாதையில் லெவல் கிராசிங் ஒன்றுகூட இல்லை. ஜப்பானின் சாதாரண ரயில்கள் 1,067 மி.மீ. குறுகிய பாதையில் ஓடும்போது, இதற்கென்று 1,435 மி.மீ. பாதை தனியாகப் போட்டார்கள். திறந்ததிலிருந்து இன்றுவரை மோதலிலோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட ஷின்கான்செனில் இறந்ததில்லை. சிக்னல் பிரிவில் இருந்தவருக்கு அதன் மதிப்பு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தப் பாதை பழையது, வளைவுகள் 2,500 மீட்டர் ஆரத்தில் இருக்கின்றன. ஒசாகாவுக்கு மேற்கே பிற்காலத்தில் போட்ட சான்யோ பாதையில் 4,000 மீட்டர். அதனால்தான் அங்கே மணிக்கு 300 கி.மீ. போகும் அதே வண்டி இங்கே 285தான் போகிறது. அதுவும் 2015இல்தான் சாத்தியமானது. வளைவில் வண்டி ஒரு டிகிரி அளவுக்கு உள்பக்கம் சாயும், காற்று ஸ்பிரிங்கால். ஜன்னலில் கண்ணை வைத்துக் கவனித்தால் அடிவானம் லேசாகச் சரிவது தெரியும்.

அவருக்காக ஒரு யோசனை. டோக்கியோவில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, நீங்கள் இருவர் மட்டும் கொடாமாவில் ஒதவாரா வரை போய் வாருங்கள். டோக்கியோவிலிருந்து 35 நிமிடம் வாக்கில். முன்பதிவு வேண்டாம், ஒரு வழிக்கு மூவாயிரத்துச் சொச்சம் யென். நொசோமி எதுவும் ஒதவாராவில் நிற்காது. நடைமேடையில் நின்றால் முழு வேகத்தில் கண் முன்னால் பாய்ந்து போவதைப் பார்க்கலாம். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அந்த வேகம் உடம்புக்கே தெரியாது. வெளியே நின்று பார்த்தால்தான் நெஞ்சுக்குள் தெரியும். கியோட்டோ போனபின் ரயில் அருங்காட்சியகம் கட்டாயம். கியோட்டோ நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம், உமேகோஜி-கியோட்டோநிஷி. 1964இல் ஓடிய முதல் தலைமுறை வண்டி அங்கே நிற்கிறது. நீராவி எஞ்சின்கள் வட்டக் கொட்டகையில் திருப்புமேடையைச் சுற்றி நிற்கும். அரை நாள் போதாது, முழு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் பிடிக்கும்.

மற்றவை. ஓடிபி: உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் வங்கிச் செயலியில் முன்கூட்டியே இயக்கி வையுங்கள். ஊர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வர ரோமிங் இருக்கட்டும். செயலியில் எடுத்த சாதாரணச் சீட்டை ரயில் கிளம்பும் வரை கட்டணமின்றி வேறு நேரத்துக்கு மாற்றலாம், அதுதான் அதன் பெரிய நன்மை. சீக்கிரம் எடுப்போருக்கான சலுகைச் சீட்டுகளும் அதில் உண்டு, ஆனால் அவற்றின் விதி கடுமை. ரயிலைத் தவறவிட்டால் சாதாரணச் சீட்டில் அன்றே பின்னால் வரும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம், சலுகைச் சீட்டில் அப்படி எதிர்பார்க்க முடியாது. பெரியவர்களோடு போகும்போது சில நூறு யென்னுக்காக அந்தக் கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒருவேளை கார்டு எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையா? பதற வேண்டாம். டோக்கியோ வந்திறங்கிய அன்றே எந்தப் பெரிய நிலையத்திலும் கவுண்டரிலோ இயந்திரத்திலோ எடுக்கலாம். கவுண்டரில் எடுக்கும் காகிதச் சீட்டுக்கு ஒரு வசதியும் உண்டு. அதில் "டோக்கியோ நகரப் பகுதி – கியோட்டோ நகரம்" என்று இருக்கும், ஆகவே ஷின்ஜுகுவிலிருந்து ஷினாகாவா வரை ஜேஆர் வண்டியில் வரும் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். செயலிச் சீட்டு ஷின்கான்சென் நிலையத்திலிருந்து ஷின்கான்சென் நிலையம் வரை மட்டும்தான். சிறிய தொகை, ஆனால் நிலையத்தின் தானியங்கிச் சீட்டுக் கதவு திறக்கவில்லையே என்று திகைக்காமல் இருக்கத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியில் எடுத்தால் ஆளுக்கொரு க்யூஆர் குறி வரும். அப்பா அம்மா கையில் போனைக் கொடுத்துக் கதவில் காட்டச் சொல்வதைவிட, நிலைய இயந்திரத்தில் எல்லோருக்கும் காகிதச் சீட்டாக எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். எடுத்தபின் செயலியில் மாற்ற முடியாது, கவுண்டருக்குத்தான் போக வேண்டும். அதனால் அன்று காலை நிலையத்துக்கு வந்தபின் எடுங்கள். கதவில் போட்ட சீட்டு மறுபக்கம் வெளியே வரும், எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும்போது மறுபடியும் வேண்டும்.

முன்பதிவில்லா இருக்கை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். 2025 மார்ச்சிலிருந்து நொசோமியில் அது இரண்டு பெட்டி மட்டும், அதுவும் ரயிலின் ஒரு கோடியில். புத்தாண்டு, மே விடுமுறை, ஆகஸ்ட் ஒபோன் பண்டிகை நாட்களில் அதுவும் கிடையாது, எல்லாம் முன்பதிவுதான்.

சாப்பாடு: ரயிலில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். ஏறுமுன்னே வாங்க வேண்டும். நிலையத்தில் விற்கும் ஏகிபென் என்ற சாப்பாட்டு டப்பா பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காய்கறி மட்டும் என்று தெரிந்தாலும் அது மீன் சாற்றில் வெந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வீட்டில் யாராவது கறாரான சைவம் என்றால் பழம், வெறும் ரொட்டி, கொட்டைப் பருப்பு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதாவது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே இயல்பு, தயங்க வேண்டாம்.

கியோட்டோ: நகோயா விட்டபின் 35 நிமிடம் போல. ஒரு சுரங்கம் முடிந்ததும் ஊர் சட்டென்று வந்துவிடும், ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அறிவிப்பு வந்த உடனே அம்மாவை எழுப்பிக் கதவுப் பக்கம் நகருங்கள், ரயில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். லிஃப்டில் கீழே வந்தால் தெற்குப் பக்கம் ஹச்சிஜோ வாசல், ஷின்கான்செனுக்கு அதுதான் அருகில், டாக்சியும் அங்கேயே நிற்கும். பேருந்து நிலையமும் கோபுரமும் வடக்குப் பக்கம், அதற்கு நிலையத்தை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். விடுதி வடக்குப் பக்கம் இருந்தாலும் அன்றைக்குத் தெற்கில் டாக்சி பிடித்துவிடுங்கள். ஊர் திரும்பும் நாளில் கியோட்டோவிலிருந்து ஹருகா ரயில் நேராகக் கான்சாய் விமான நிலையம் போகும், மாறத் தேவையில்லை.

நாடோடி77:

பாஸ் விலை இவ்வளவு ஏறியது எனக்குத் தெரியாது. திருத்தியதற்கு நன்றி அக்கா. நண்பரே, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

தண்டவாளத்தார் மகன்:

தேதியை மாற்றிவிட்டேன், புதன்கிழமை, ஷினாகாவாவிலிருந்து பத்தரை மணி வாக்கில் ஒரு நொசோமி. விற்பனை தொடங்கும் காலைக்கு அலாரம் வைத்தாயிற்று. ஒதவாரா பற்றிச் சொன்னதும் அப்பா நாட்காட்டியை எடுத்துவந்து எந்த நாள் என்று கேட்கிறார். கடைசியாக ஒன்று: சூட்கேஸ் அனுப்பும் படிவத்தில் என்ன எழுத வேண்டும்? ஜப்பானிய மொழி தெரியாதே.

யோகோஹாமா வாசி:

விடுதி வரவேற்பில் இருப்பவரே எழுதிக் கொடுப்பார். நீங்கள் கியோட்டோ விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஜப்பானிய எழுத்திலேயே ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருங்கள். விடுதியின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அதே பெயரும், அங்கே போய்ச் சேரும் தேதியும் படிவத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த சூட்கேஸ் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. கியோட்டோ விடுதிக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நாங்கள் வந்து சேருமுன்னே சாமான் வரலாம், வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் மாத்திரைகளை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.